சோபாவுக்கு எத்தனை இஞ்ச் கால்?

ராணி: ...இல்லங்க, எனக்கு இதுதான் வெளங்கவே மாட்டேங்குது. பழைய கட்டிலு இந்த சோபாவை விட ஒரு முழம் நீளம். அது கெடந்தப்ப ஹாலு பெருசா தெரிஞ்சுது. கிறிஸ்மஸுக்கு சின்னதா ஒரு சோபா வந்துச்சு, ஹாலு சுருங்கிடுச்சு. அது எப்பிடி?

அருள்: கட்டிலுக்கு அடியில குனிஞ்சா என்னா தெரிஞ்சுது, சொல்லு.

ராணி: ஒட்டடை. நீங்க தேடிக்கிட்டே இருந்த குடை.

அருள்: அதுக்கும் பின்னாடி?

ராணி: செவுரு.

அருள்: அதான்! தரை செவுரு வரைக்கும் ஓடுறது தெரிஞ்சுது. கண்ணு ரூமை அளக்கறது தரையை வச்சுத்தான். இந்த சோபா பொட்டி மாதிரி தரையோட ஒட்டிக் கெடக்குது. தரை இதுகிட்டயே முடிஞ்சிடுது. ரூமும் இங்கயே முடிஞ்சிட்டதா கண்ணு...

ராணி: பாடம் போதும் சாமி. கால் போட்டுடலாம்னு முடிவாயிடுச்சுல்ல? சிதம்பரத்துலேர்ந்து மரம் கடையற ஆசாரி பழனிவேலு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. நாலு மணிக்குக் கரண்ட் போனா அவரு கடைசல் மெஷின் நின்னுடும். இன்னைக்குக் கடைஞ்சாத்தான் சனிக்கிழமை இங்க கடலூர் வந்து சேரும். ஞாயித்துக்கிழமை எங்கப்பா வராரு.

அருள்: தெரியுது, தெரியுது...

ராணி: என்னா தெரியுது? போன தடவ மாதிரி "இடம் பத்தலம்மா"ன்னு மூணாம் நாளே சேத்தியாத்தோப்புக்குக் கெளம்பிட்டாருன்னா? தானே புயல்ல பாதி ஓடு பறந்த வீடுங்க. அங்க தனியா கெடக்குறாரு.

அருள்: இந்தத் தடவ போவ மாட்டாரு. தோ, செங்கல்லு எடுத்தாந்திருக்கேன். அந்தப் பக்கம் தூக்கு. ஒரு கல்லைப் படுக்கப் போட்டா மூணு இஞ்ச்.

ராணி: ஐயோ, கை! கை! ...ம். பரவால்லயே. இதுவே போதும். லட்டு மாதிரி உருண்டையா ஒரு கால் காட்டுனாருல்ல? அதையே சொல்லிடுங்க.

அருள்: மூணு பத்தாது. அடியில இருட்டாத்தான் கெடக்கும். வெளிச்சம் உள்ள போனாத்தான் தரை தெரியும். இன்னொரு கல்லு வை.

ராணி: ஆறு இஞ்சா! சோபாவா, பரணா?

அருள்: எட்ட நின்னு பாரு. மேல தடியா, கீழ வர வர ஒல்லியா கடையச் சொல்லுவோம். புயல்ல சாஞ்ச பலா மரம் வாங்கி வச்சிருக்காரு. மஞ்சளா, பளிச்சுன்னு இருக்கும்.

ராணி: படத்துல சாய்வா வெளிய நீட்டிக்கிட்டு இருந்துதே, அந்தக் கால் அழகுங்க.

அருள்: அது வேணாம். நடக்கறப்ப தட்டும்.

ராணி: யாருக்குத் தட்டும்?

அருள்: ...எனக்குத்தான்.

ராணி: ஆமாமா, நீங்க எந்தக் காலத்துல கீழ பாத்து நடந்தீங்க.

அருள்: கிண்டல் அப்புறம். வா, உக்காரு.

ராணி: என்னாத்துக்கு? அழகுக்குத்தான கால் போடறோம்?

அருள்: சும்மா உக்காரேன். ...இப்ப எழுந்திரு. கைய ஊனாம.

ராணி: எழுந்துட்டேன். அதுக்கென்னா?

அருள்: பாத்தியா? தாழ உக்காந்தா முட்டி இடுப்புக்கு மேல போயிடும். ஒடம்பு மொத்தத்தையும் கை ரெண்டும்தான் தூக்கணும். ஒசரமா உக்காந்தா லேசா முன்னால சாஞ்சாப் போதும், ஒடம்பு தானா...

ராணி: யாருக்காகச் சொல்றீங்க?

அருள்: யாருக்காக... பொதுவா சொல்றேன். ஹாலு பெருசா தெரியறதுக்கு...

ராணி: நீங்க இப்ப ஹாலைப் பத்திப் பேசல.

அருள்: போன் அடிக்குது பாரு. பழனிவேலுதான்.

ராணி: அடிக்கட்டும். அப்பா ஏன் மூணாம் நாளே கெளம்புனாரு?

அருள்: இடம் பத்தலன்னு அவரே உன்கிட்ட...

ராணி: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

அருள்: ...சத்தியம் வாங்கியிருக்காரு, ராணி. உன்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு.

ராணி: நீங்க சொல்லவே வேணாங்க. அவரு கெளம்புன அன்னைக்கி நான் கோயில்ல பூசை முடிஞ்சு வந்தப்ப சோபா உறை கொடியில காஞ்சுக்கிட்டு இருந்துது. ஒரு கைக்குட்டை கூட தொவைக்காத மனுசன் நீங்க, காபி கொட்டிடுச்சு, அலசிப் போட்டேன்னீங்க. எடுத்து மோந்து பாத்தேன், காபி இல்ல. வயசாயிடுச்சு, ஒண்ணுக்கு அடக்க முடியல போலன்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்சா கூசிப் போயிடுவாருன்னு, இடம் பத்தலன்னு அவரு சொன்னதையே நம்புன மாதிரி இருந்துட்டேன். இந்தப் பள்ளத்துலேர்ந்து எழுந்துக்க முடியாமத்தான் அப்படி ஆச்சுன்னு இப்பத்தான் வெளங்குது. போனை எடுங்க. நேர் காலு, ஆறு இஞ்ச், நாலு. அதுல உக்காந்தா அப்பா யாரையும் கூப்புடாம தானே எழுந்து போவாரு.