பதில் வருமுன் பச்சை காட்டியவன்

அவைக்குத் தலைமை ஏற்று, "அளவாப் பேசுப்பா" என்று அன்போடு எச்சரித்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்த கணினி நிரலாளர் பெருமக்களே! "இன்னும் அந்தப் பொட்டி முன்னாடியேவா உக்காந்திருக்க?" என்று கேட்டுக் கேட்டே எங்களை ஆளாக்கிய தாய்மார்களே! நிரலை நேசிக்கும் நண்பர்களே, நிரலாளரை நேசித்து மாட்டிக்கொண்ட அவர்தம் துணைவர்களே! அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

வெற்றியைப் பேச நான் வரவில்லை. என் வெட்கத்தைப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே ஓர் இரத்த வங்கி. அரிய வகை இரத்தம் தேவைப்பட்டால், கொடுக்கக்கூடியவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களுக்குச் செய்தி அனுப்பி, செய்தி போனதும் திரையில் பச்சைக் குறி காட்ட வேண்டும். அந்த நிரலை எழுதியவன் அடியேன். எத்தனை வரி? எழுநூறு! எத்தனை பங்க்‌ஷன்? ஒன்று! வேலைக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டிய பகுதி, மொத்தமே ஒன்றே ஒன்று! பட்டியல் எடுப்பதும் அதிலே, ஆளைத் தேர்வதும் அதிலே, செய்தி விடுப்பதும் அதிலே, திரையில் தீட்டுவதும் அதிலே! ஒரு பதில் வந்தால் செய்ய வேண்டியதற்குள் இன்னொரு பதில் வந்தால் செய்ய வேண்டியது, அதற்குள் மற்றொன்று என்று வரிகள் வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் திரையை விட்டே வெளியேறிவிட்டன. "என்னைத் தவிர எவனுக்கும் இது புரியாது" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, சிரிப்பவர் கணினியையும் ஒருநாள் திறந்து பார்ப்போம்!

தாய்மார்களுக்கு ஒரு சொல். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அதன் எதிரிலேயே நிற்பீர்களா? காய் நறுக்குவீர்கள், காதை மட்டும் விசிலுக்கு வைத்திருப்பீர்கள். எங்கள் நிரலும் அப்படித்தான். வெளியே ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வேறு வேலை பார்க்கும். ஆனால் விசில் வராமலே வீட்டாரைச் சாப்பிட உட்காரவைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் நான் செய்தேன்.

ஒரு தையற்காரம்மாவுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அறுவை சிகிச்சை. இரத்த வங்கியில் இருக்கும் அக்கா முந்தின நாள் பிற்பகல் பொத்தானை அழுத்தினார். பத்தொன்பது பேர், பத்தொன்பது பச்சை. நிம்மதியாக வீட்டுக்குப் போனார். மறுநாள் எட்டு மணிக்கு இரத்தம் கொடுக்க யாரும் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பட்டியலில் இருந்த பஸ் டிரைவர் ஒருவரை அக்கா தொலைபேசியில் பிடித்தார்.

"எனக்கு எந்த மெசேஜும் வரலையேம்மா! இதோ வந்துடறேன்."

அவர் வந்தார். ஒவ்வொருவராக அழைக்க, இன்னும் இருவர் வந்தார்கள். அதற்குள் அறுவை அறையின் வாசல்வரை போன தையற்காரம்மாவைத் திருப்பி வார்டுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். ஐந்து மணி நேரத் தாமதம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் அவர் மகள் கட்டிலின் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லையாம்.

நடந்தது என்ன? செய்தி அனுப்பும் நிறுவனத்தின் சேவை அந்தப் பிற்பகல் படுத்துவிட்டது. என் நிரல் அனுப்பச் சொன்னது. பதிலுக்குக் காத்திராமல் பச்சை அடித்தது. பின்னால் வந்த பிழைச் செய்தியையாவது சொன்னதா? சொல்லவில்லை! பிழை வந்தால் பேசாதே என்று நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்தான்.

தவறு எந்த வரியில் என்று தேடினேன். எழுதிய எனக்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. அப்போது எங்கள் குழுவில் நாங்கள் 'நிதானம்' என்று கேலி செய்யும் தோழி சொன்னார்:

"ஓட்டையை அப்புறம் தேடலாம். முதல்ல பிரிப்போம்."

மேலாளர் பதறினார். "ஓடுற வண்டியை எதுக்கும்மா பிரிக்கிறீங்க?"

"எங்க சார் ஓடுச்சு? ஓடுற மாதிரி காட்டுச்சு."

பதினோரு நாள் பிரித்தோம். பட்டியல் எடுப்பது பட்டியலை மட்டும் எடுக்கட்டும். தேர்வு செய்வது தேர்வு மட்டும் செய்யட்டும். அனுப்பும் பகுதிக்குத் திரையைப் பற்றிக் கவலை வேண்டாம். திரையில் காட்டும் பகுதிக்கு, அனுப்புவதைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, நடப்பதை நடக்கும் வரிசையில் சொல்லும் ஆறே வரி: பட்டியலை எடு, காத்திரு. ஆளைத் தேர்ந்தெடு. செய்தி அனுப்பு, காத்திரு. போய்ச் சேர்ந்தால் பச்சை. தவறினால் சிவப்பு. சிவப்பானால் அக்காவுக்குச் சொல்.

அந்த ஆறு வரியைத் தாளில் எடுத்துக்கொண்டு நானும் தோழியும் இரத்த வங்கிக்கே போனோம். அக்கா நிரல் படித்தவர் அல்லர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

"போய்ச் சேர்ந்தா பச்சை, தவறினா சிவப்பு. சரி. பதிலே வரலைன்னா?"

அவையோரே! படித்த நாங்கள் இருவர், பதினோரு நாள் பார்த்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பதிலே வராவிட்டால் அந்த நிரல் சிவப்பும் காட்டாது, பச்சையும் காட்டாது, காத்துக்கொண்டே இருக்கும். கட்டிலில் இருப்பவரும் காத்துக்கொண்டே இருப்பார்! அங்கேயே உட்கார்ந்து எழுதினோம்: இரண்டு நிமிடத்தில் பதில் இல்லையென்றால், அக்காவைக் கூப்பிடு.

தெளிவாக எழுதுவது எதற்காக? அழகுக்காகவா? அடுத்து வரும் நிரலாளர் நம்மை வாழ்த்துவதற்காகவா? எவருடைய உயிர் அந்த வரியை நம்பி இருக்கிறதோ, அவர் பக்கத்தில் நிற்பவர் அதைப் படிக்க வேண்டும்! படித்து நம்மைக் கேட்க வேண்டும்! கேள்வி கேட்க முடியாதபடி எழுதுவது கெட்டிக்காரத்தனம் அல்ல, கதவடைப்பு!

புறப்படும்போது அக்கா கோபமே இல்லாமல் என்னிடம் சொன்னார்: "இதை அன்னைக்கே எங்கிட்ட காட்டியிருந்தா, அன்னைக்கே கேட்டிருப்பேனே தம்பி."

அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

பொறுமையோடு செவிகொடுத்த பெரியோர்க்கும், இடையிடையே சிரித்து என் பாரத்தைக் குறைத்த தாய்மார்க்கும் நன்றி சொல்லி, உங்கள் அனைவரையும் வணங்கி அமர்கிறேன்.