மாரிக்கண்ணன் சுவரடியில் பதித்த கேபிள்

தலைமை ஏற்றிருக்கும் நமது நெட்வொர்க் பணியாளர் சங்கத் தலைவர் ஐயா செந்தூர்பாண்டி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாரிக்கண்ணனின் மனைவி, தங்கை பாண்டிலட்சுமி அவர்களே, சிவகாசியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் சீனிவாசகத்தின் வணக்கம்.

மாரிக்கண்ணனோடு இருபத்தாறு ஆண்டுகள் ஒரே வண்டியில் போய், ஒரே ஏணியில் ஏறியவன் நான். வயதில் மூத்தவன் நான். கடை என் பெயரில். ஆனால் தொழில் தெரிந்தவர் அவர்!

ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரே கேபிளில் வரிசையாகக் கோத்த காலத்தில் நாங்கள் தொழிலுக்கு வந்தோம். எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்தால் ஆபீஸே நின்றுவிடும். மேசை மேசையாகக் குனிந்து தேடுவோம். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கேபிள் வந்தது. வேகம் பத்து மடங்கானது, நூறு மடங்கானது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் உலகத்துக்கே பொதுவான விதிமுறை ஒன்று வெளிவரும். கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும், நூறு மீட்டரைத் தாண்டக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருக்கும். நான் படித்தேனா? இல்லை. இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தவர் மாரிக்கண்ணன்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. நீளமான கட்டடம். முன்னால் ஆபீஸ், பின்கோடியில் அட்டைப்பெட்டி அறை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அந்த அறைக்கு ஒரு போன் கேட்டார்கள். பேச்சும், போனுக்கு வேண்டிய மின்சாரமும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகும் வகை.

நான் வாங்கி வந்த கேபிளை மாரிக்கண்ணன் கத்தியால் சுரண்டினார். உள்ளே வெள்ளை.

"அண்ணாச்சி, இது செம்பு இல்ல. அலுமினியத்து மேல செம்பு பூசியிருக்கான். மின்சாரம் ஏறுனா சூடாவும், மடக்குனா ஒடியும்."

"ஏலே, அம்புட்டுப் பேரும் இதத்தான் போடுதாக. விதிமுறைய எழுதுனவுக ஏழாயிரம்பண்ணைக்கு வந்து பாக்கப் போறாகளா?"

"அவுக வர மாட்டாக. ஆபத்து வரும்ல?"

கூரைச் சட்டத்தில் கட்டினால் ஒரே பகலில் முடியும் என்றேன். அவர் நல்ல செம்புக் கேபிள் வாங்கி வந்து, தெற்குச் சுவரடியில் குழாய் பதித்து, அதற்குள் கொண்டுபோனார். நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் நான் அவரோடு பேசவில்லை.

போன மாதம் ஒரு காலை. பெட்டி அறையில் ஸ்கேனர் ஓடவில்லை என்று அவர் உள்ளே போனார். நான் ஆபீஸில் இருந்தேன். பக்கத்துக் கொட்டகை வெடித்தது. கூரை சரிந்து அந்த அறையின் ஒரே வாசலை அடைத்தது. உள்ளே மாரிக்கண்ணன், பெட்டி ஒட்டும் வேல்விழி, இருளம்மாள். கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். பேட்டரியில் ஓடியது ஆபீஸ் நெட்வொர்க் மட்டும்தான்.

மேசையில் போன் அடித்தது!

"அண்ணாச்சி, மூணு பேரும் இருக்கோம். வாசல் இல்ல. ஜன்னல் கம்பியும் அசையல. பொகை வருது."

"எங்கனப்பா இருக்கீக?"

"தெக்குச் சுவரோரம். கேபிள் குழாய் நொழையிற எடத்துக்கு ரெண்டடி கெழக்க இடிக்கச் சொல்லுங்க. அங்கன சுவரு மெல்லிசு. நாந்தான தொளை போட்டேன்."

தீயணைப்பு வீரர்களிடம் சொன்னேன். வெளியே எரிந்த தீயை அணைத்து அணைத்துத்தான் அவர்கள் சுவரை நெருங்கி இடிக்க முடிந்தது. நான் போனை வைக்கவில்லை. கதவு திறந்திருந்த அறையில் நின்றேன், தோழர்களே, ஆனால் என்னால் ஓர் அடி நகர முடியவில்லை! இருளம்மாளின் அலறல் கேட்டது. "அலறாதீக யம்மா, பொகை உள்ள போவும். முந்தானைய நனைச்சு மூக்குல வைங்க" என்று அவர் சொன்னதும் கேட்டது. ஒரு மணி நேரம், அதற்குமேல் நாற்பது நிமிடம்.

சுவர் உடைந்தது. இருளம்மாள் வந்தார். வேல்விழி வந்தார். "நீயும் வாலே!" என்று கத்தினேன்.

"எனக்கு முடியாது அண்ணாச்சி. வெடிச்சப்பவே இரும்புச் சட்டம் கால்ல விழுந்துட்டு. மேல அட்டைப்பெட்டி சரிஞ்சு மூடுனதால இவுக பாக்கல. சொன்னா இவுக பயந்துருவாகன்னு சொல்லல."

வெளியே வரும்வரை அவர் காதில் ரிசீவரைப் பிடித்திருந்து, வரும்போது அதை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தவர் வேல்விழி. இதோ, இங்கே அமர்ந்திருக்கிறார். மாரிக்கண்ணனை மீட்க இன்னும் நேரம் பிடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் நம்மை விட்டுப் போனார்.

கூரையில் கட்டியிருந்தால் அந்தப் போன் அடித்திருக்குமா? நான் வாங்கிய கேபிளை நம்பி இரண்டு பெண்கள் உயிரோடு வந்திருப்பார்களா?

புகழ்ந்து பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் மேடை ஏறினேன். முடியவில்லை. அந்தப் பூச்சுக் கேபிளை நான் தூக்கிப் போடவில்லை. மாரிக்கண்ணனுக்குத் தெரியாமல், வேறு ஆட்களை வைத்து ஏழு கட்டடங்களில் போட்டேன். ஒன்றில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். இந்த ஒரு மாதமாக எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஏழு கட்டடங்களுக்குள்தான் கிடக்கிறேன்.

நேற்று பாண்டிலட்சுமியிடம் போய்ச் சொன்னேன். அவர் அழவில்லை.

"எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாதும்மா."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அந்தக் கட்டடத்துக்காரவுககிட்டப் போயிச் சொல்லுங்க."

இன்று காலை இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் வெளியே போ என்றார். போனேன், நாளையும் போவேன். ஏழிலும் முழுச் செம்புக் கேபிள் பதித்து, அளந்து, சோதித்து, சோதனை முடிவுத் தாளைத் தலைவர் கையில் கொடுப்பேன். மாரிக்கண்ணன் படித்த விதிமுறையை இனி நானும் வரி வரியாகப் படிப்பேன். இந்தச் சபை சாட்சி!

பிள்ளைகள் தங்கும் விடுதி சூலக்கரையில் இருக்கிறது. இங்கிருந்து நேராக அங்கேதான் போகிறேன். என்னோடு யார் வருகிறீர்கள்?