பூட்டிய லிஃப்டுக்கு முழு மதிப்பெண்

மேடையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, கீழே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் சொந்தங்களே, வணக்கம்! எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் நான். ஆனாலும் மைக் பிடித்தால் மழையே நின்று கேட்கும். அந்த மைக் இன்று கனக்கிறது. தாய்மாமன் நான் இருக்க, என் அக்காள் மகன் முந்திக்கொண்டாரே!

மதிப்பீட்டுப் பொறியாளர்! என்ன வேலை தெரியுமா? அரசாங்கமும் தனியார் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து பாலம் கட்டும், ஆஸ்பத்திரி கட்டும். போட்ட பணத்துக்கு மக்களுக்குப் பலன் கிடைத்ததா என்று பார்த்துச் சொல்கிற வேலை. எங்கே போனாலும் அவருக்கு ஒரே கேள்வி: "ஓடுதா?" ஆபீஸில் பெயரே 'ஓடுதா சார்' தான். ஒரு மந்திரி இவரைக் கண்டு செருப்பை விட்டுவிட்டே ஓடினார், நானே பார்த்தேன்!

நம் புது ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானும் போயிருந்தேன். லிஃப்ட் பூட்டிக் கிடந்தது.

"ஓடுதா?"

"ஓடற நிலையில இருக்கு சார்," என்றார் கம்பெனி மேலாளர்.

"அப்ப ஓட்டுங்க."

"ஓட்டினா தேயும் சார். ரிப்பேர் எங்க தலையில. ஒப்பந்தப்படி தயாரா வச்சிருந்தாலே காசு வந்துரும்."

"இது லிஃப்டா, ஷோகேஸ் பொம்மையாய்யா?"

யாரையும் ஏற்றாத லிஃப்டுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். என்ன ஆயிற்று? சரிபார்க்க அரசாங்கக் குழு ஒன்று வந்தது. லிஃப்ட் புத்தம் புதிதாக இருக்கிறது என்று முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனது!

போன வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதே ஆஸ்பத்திரி. இதய வார்டு உச்சி மாடியில். லிஃப்டில் அதே பூட்டு. சாவி யாரிடம்? ஒருவருக்கும் தெரியவில்லை. தூக்கினேன்! ஒற்றை ஆளாக, மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். பயில்வான்கள் தொட்டுக் கும்பிட்ட தோள் இது! படி திரும்புகிற இடத்தில் காதோரம் கேட்டார்:

"மாமா, லிஃப்ட் ஓடலையா?"

இரண்டிரண்டு படியாகத் தாவினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது கேட்டவர் இல்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்லத்தான் என்னை மேடையேற்றினீர்கள். தொடர்கிறேன். அடுத்த ஆஸ்பத்திரியும் அதே கம்பெனிக்கு, அதே ஒப்பந்தத்தில். திறப்பு விழாவில் முன்னால் நின்று கேட்பேன், "ஓடுதா?" என்று. ஓடுகிற நிலையில் இருக்கிறது என்பார்கள். நீங்கள் கைதட்டுவீர்கள். நான் மறுபடியும் கேட்பேன். வேறென்ன முடியும் என்னால், மருமகனே? உன் கனம் இன்னும் இந்தத் தோளில் இருக்கிறது. எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.