பூசணித் தோட்டத்துத் தேனீ

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரவுக இப்ப தேனீ வேலை பாக்காக, மதினி."

"அது என்னடி வேலை?"

"கெணத்தடியில பூசணி போட்டோம்ல. எலையெல்லாம் செவப்பு வண்டு கடிச்சுச்சு. விடியமுன்ன சாம்பலத் தூவுங்கன்னேன். இவுக பெரிய ஆபீசரு. பி.எச்.சி.ன்னு பூச்சிமருந்துப் பவுடர வாங்கியாந்து, காலையில பூ விரிஞ்சு கெடக்கிற நேரமாப் பாத்து அள்ளி எறிஞ்சாக."

"வண்டு செத்துச்சா?"

"செத்துச்சு. தேனீயும் சேந்து செத்துச்சு. கொடி நெறையாப் பூவு, ஒரு பிஞ்சு நிக்கல. இப்ப விடிஞ்சா ஆம்பளப் பூவப் பறிச்சு, பொம்பளப் பூவுல ஒவ்வொண்ணாத் தடவிக்கிட்டுத் திரியிறாக. மொத நாளு ஆம்பளப் பூவ ஆம்பளப் பூவுலயே தடவிட்டு வந்து, வேலை முடிஞ்சுச்சுன்னு காபி கேட்டாக."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போகுது விடு. இனி பவுடர் பக்கம் போக மாட்டாகல்ல?"

"நேத்து எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து பூவுல உக்காந்துச்சு. அதப் பாத்துட்டு, வண்டு மறுபடியும் வந்துருச்சுன்னு, இன்னைக்கு என்னையும் இழுத்துக்கிட்டு டவுனுக்கு வந்துட்டாக."

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். அவள் முன்பக்கம் கையை நீட்டினாள்.

"அங்கன மடியில பவுடர் பொட்டலத்தோட உக்காந்திருக்கே, அந்தத் தேனீ எடுக்கும்."