ஃப்ளோரா டீச்சரின் கறுப்புத் திரை

– கையை எடு, லாய்ட். அந்த பென் டிரைவைச் சொருகாதே. என் கம்ப்யூட்டரை யாரும் ஃபார்மட் பண்ண வேணாம்.

– மம்மி, ஸ்கிரீன் கறுப்பா கெடக்கு. வெள்ளிக்கிழமை நீங்க அப்டேட் போட்டீங்க, சிஸ்டத்தோட மையம் இருக்கே, கெர்னல், அது புதுசா வந்துச்சு, ஸ்கிரீன்ல படம் காட்டுற கிராஃபிக்ஸ் டிரைவர் அதோட ஒத்துப்போகல. சிம்பிள். லினக்ஸே வேணாம், துடைச்சிட்டு வேற ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுத் தர்றேன்.

– துடைப்பியா? பட்டினப்பாக்கத்துப் புள்ளைங்களுக்கு நாப்பத்திரண்டு கணக்குப் பாடம் வீடியோ எடுத்து வச்சிருக்கேன் மேன்.

– அதைக் காப்பி எடுத்துடலாம். நேத்து சாப்பிடும்போதே சொன்னேன்ல? ஒரு கம்ப்யூட்டரையே தனியா சமாளிக்க முடியல, இந்த வீட்டை எப்படி? போன மாசம் பாத்ரூம்ல விழுந்து, பக்கத்து வீட்டு டெல்பின் ஆன்ட்டி வந்து கதவை உடைக்க வேண்டியதாச்சு. அடையார்ல என் வீட்டுல உங்களுக்கு ரூம் ரெடி, மம்மி.

– விழுந்தேன், எழுந்துட்டேன். கதவும் மாத்தியாச்சு.

– எவ்ளோ பிடிவாதம்!

– முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சர். அது இல்லாம முடியுமா? சரி, இப்படி வச்சுக்கலாம். இதை இப்போ நானே சரி பண்ணிட்டா, அடையார் பேச்சை நீ எடுக்கவே கூடாது. முடியலையா, இன்னைக்கே பெட்டியைக் கட்டிட்டு உன்கூட வர்றேன்.

– நிஜமாவா?

– மாதா மேல சத்தியம். தள்ளி உக்காரு. ரீஸ்டார்ட் பண்ணா ஒரு லிஸ்ட் வரும், அதுல பழைய கெர்னலும் இருக்கும். புதுசுதான் தப்புன்னா, பழசுல படம் வந்தாகணும் இல்ல?

– வரலியே மம்மி. அதே கறுப்பு.

– அப்போ கெர்னல் மேல தப்பில்ல.

– சரி, டிரைவர் ஏதோ கெட்டுப்போயிருக்கும். விடுங்களேன்.

– ஸ்டெப் எழுதாம ஆன்சர் மட்டும் எழுதுறே. எட்டாங்கிளாஸ்லயே உனக்கு இந்தப் பழக்கம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு, மூணு கீயையும் சேர்த்து அழுத்தறேன். பாரு, படம் இல்லாட்டியும் எழுத்து வருது. நான் டைப் அடிச்சா கேக்குது.

– இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?

– இன்டர்நெட்ல எவன் எவனோ திட்டுவான். வாங்கிக்கிட்டே கத்துக்கிட்டேன். இரு… டிரைவர் கெட்டுப்போகல மேன். டிரைவரே இல்ல!

– அப்டேட்ல தானா போயிருக்கும்.

– போனா போகுது, திருப்பிப் போடுறேன். இறங்குது பாரு. ஆச்சு. இப்போ ரீஸ்டார்ட். வா, வா, வா… ஆண்டவரே, வந்துடுச்சு! லாய்ட், வந்துடுச்சுடா!

– சரி, ஜெயிச்சுட்டீங்க. நான் போய் காபி போடறேன்.

– உக்காரு. எதைப் போட்டாலும், எதை எடுத்தாலும், தேதி நேரத்தோட இது ஒரு ஃபைல்ல எழுதி வைக்கும். அதைப் பாக்கணும்.

– இப்போ எதுக்கு மம்மி? அதான் சரியாயிடுச்சே!

– டிரைவர் எப்படிப் போச்சுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை அப்டேட், அப்போ டிரைவர் பத்திரமா இருக்கு. அடுத்து நேத்து, சனிக்கிழமை, சாயந்தரம் ஆறு பத்து. டிரைவரை மொத்தமா எடுத்துடச் சொல்லி யாரோ டைப் அடிச்சிருக்காங்க.

– மம்மி, நான் சொல்றதைக் கொஞ்சம்…

– ஆறு பத்துக்கு நான் கோயில்ல பூசையில இருந்தேன். என் பாஸ்வேர்ட் தெரிஞ்சவன், அப்போ இந்த வீட்டுல இருந்தவன், நீ ஒருத்தன்தான். உன்கிட்ட இருக்கிற இந்த வீட்டுச் சாவியை மேசை மேல வச்சுட்டுக் கிளம்பு, லாய்ட்.