மையின் கறுப்பு

ஹஸ்கி நாயைக் குளிப்பாட்டுவது பெரிய வேலை இல்லை, காயவைப்பதுதான் வேலை. மேல்முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி அடர்ந்திருக்கும். அது ஈரமாகவே கிடந்தால் தோல் புண்ணாகிவிடும். பதினாறு வருடமாக நாய்களுக்குக் குளியல், முடிவெட்டு, வெளியூர் போகிறவர்களின் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்வது என்று காலம் தள்ளுகிறேன். என் கையில் ஒரு நாய்க்கும் தோல் புண்ணானதில்லை. நடந்ததை நடந்தபடி வாக்குமூலமாக எழுதச் சொன்னீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடத் தோன்றியது.

அச்சகக்காரர் ஒன்பது வருடப் பழக்கம். அச்சகத்தில் மையின் நிறம் பார்த்துச் சரிசெய்வது அவர் வேலை. முப்பது வருடம் அதைச் செய்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு துணைக்கு ஒரு கறுப்பு வெள்ளை ஹஸ்கியை வாங்கினார். அதற்கு மை என்று பெயர் வைத்தார். கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல வெள்ளை வளையம், நெற்றி நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. “என் வீட்ல படிக்கத் தெரிஞ்ச ஆள் இவன் ஒருத்தன்தான்” என்று சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பன்னிரண்டு நாள். மகள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் குடியிருப்பில் நாய்க்கு அனுமதி இல்லை. அதனால் மை என்னிடம் வந்தது.

மூன்றாம் நாள் நண்பகல், கண் பரிசோதனைக்காகக் கடைத்தெருவுக்குப் போனேன். மின்சாரம் போய்விட்டது என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். குளிர்சாதனத்தை நான்தான் அணைத்தேன். அரை மணியில் வந்துவிடலாம், வீணாக ஓடுவானேன் என்று நினைத்தேன். கடையில் தெரிந்தவள் ஒருத்தியைப் பார்த்தேன். பேச்சு வளர்ந்தது. திரும்பி வந்தபோது மூன்று மணி. பனிக்காகப் படைக்கப்பட்ட உடம்பு, மூடிய அறை. கதவடியில் மூக்கை வைத்தபடி மை செத்துக் கிடந்தது. கதவின் உட்புறம் நிறையக் கீறல்கள் இருந்தன. பிறகு கதவுக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன்.

அவர் படுக்கையில் இருக்கிறார், தாங்கமாட்டார் என்று நினைத்தேன். விஷயம் வெளியே தெரிந்தால் இனி யாரும் என்னை நம்பி நாயை விடமாட்டார்கள் என்றும் நினைத்தேன். எந்த நினைப்பு முதலில் வந்தது என்று இப்போது ஞாபகமில்லை.

ஒரு வாரம் தேடினேன். கறுப்பு ஹஸ்கிகள் கிடைத்தன, ஆனால் ஒன்றுக்கும் அந்த முகம் இல்லை. கடைசியில் நாய் வளர்ப்பவர் ஒருவரிடம் அச்சு அசலாக அதே வளையம், அதே கோடு. உடம்பு மட்டும் செம்பு நிறம். நிறத்தை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. நாய்க்குக் கெடுதல் செய்யாத சாயம் எனக்குத் தெரியும். இரண்டு நாள் எடுத்துப் பொறுமையாகச் செய்தேன். மூக்கில் மட்டும் சாயம் பிடிக்கவில்லை. கறுப்பு ஹஸ்கிக்கு மூக்கு கறுப்பு, செம்பு ஹஸ்கிக்கு மூக்கு பழுப்பு.

அவர் ஊன்றுகோலோடு வந்தார். நாய் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்து நின்றது. அவர் அதன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என் மை இல்லம்மா” என்றார்.

ஹஸ்கிக்கு முடி வருடம் இரண்டு தடவை கொட்டி முளைக்கும், நிறம் கொஞ்சம் மாறும், குளிர் வந்தால் மூக்குகூட வெளுக்கும் என்று எடுத்துச் சொன்னேன். இதில் ஒன்றும் பொய் இல்லை. பிறகு, “மயக்க மருந்து குடுத்திருக்காங்க இல்லையா ஐயா, கொஞ்ச நாளைக்கு எல்லாம் வேற மாதிரிதான் தெரியும்” என்றேன். அவர் தலையாட்டினார்.

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை நாயைக் குளிக்க அழைத்து வரச் சொல்வேன். வேர்க்கால் சிவப்பதற்குள் சாயம் போட்டுவிடுவேன். ஒவ்வொரு தடவையும் இது மைதானா என்று அவர் மெதுவாகக் கேட்பார், நானும் மெதுவாகவே பதில் சொல்வேன். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். அவர் கல்லும் இல்லை, தனியாக இருக்கிற மனுஷன்.

ஒருநாள் அவர் கண் கலங்கியிருந்தது. “கறுப்புலயே பதினோரு கறுப்பு பிரிச்சுச் சொல்வேன்மா நான். என் நாயோட கறுப்பே எனக்குத் தெரியலன்னா, வேற எதைத் தெரிஞ்சு என்ன?”

அதன் பிறகு எதையும் அவர் நம்பவில்லை. அடுப்பை அணைத்தேன், கதவைப் பூட்டினேன் என்று சின்னச் சின்னத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். என்னிடம் காட்டுவார். மகள் எரிச்சல்படுகிறாள், நீதான் பொறுமையாகக் கேட்கிறாய் என்பார். மகளிடம் நானே போய், அப்பாவை ஒரு டாக்டரிடம் காட்டு என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை நீங்க சொன்னீங்கக்கா, நான் கவனிக்கவே இல்ல” என்றாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் பகலெல்லாம் தூங்கினார், இரண்டு தடவை விழுந்தார். தனியாக விடக்கூடாது என்று முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நாய் மறுபடி என்னிடம் வந்தது.

ஒருமுறை நாயோடு பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், உடம்பு பாதியாகியிருந்தது. நாயின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். “மன்னிச்சுடுடா மை. உன்னைப் போய் நீ இல்லன்னு சொல்லிட்டேன்” என்றார். அது மை இல்லை, ஆனாலும் அசையாமல் நின்றது. நான் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றார்கள். நான்கு மாதத்தில் போய்விட்டார்.

சாயம் போட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. சடங்கெல்லாம் முடிந்து மகள் வந்தாள். வேறு வீடு பார்த்துவிட்டாளாம். அப்பாவின் ஞாபகமாக மையைக் கொண்டுபோகப் போகிறாளாம். நாய் வெயிலில் படுத்திருந்தது. கழுத்திலும் முதுகிலும் புது முடி செம்பாக முளைத்திருந்தது. அவள் குனிந்து முடியை விரலால் பிரித்துப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளியும் பிரித்துப் பார்த்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா சரியாத்தான் சொல்லியிருக்கார், இல்லக்கா?”

ஆமாம் என்றேன். மையைக் கொன்றது நான், புதைத்தது நான், நல்ல புத்தியோடு இருந்த மனுஷரைப் புத்தி தப்பியவர் என்று அவரையே நம்பவைத்ததும் நான். அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வயதில் யாருக்கும் கொஞ்சம் மறதி ஆரம்பித்திருக்கும். அவருக்கும் ஆரம்பித்துத்தான் இருக்க வேண்டும்; கூட இருந்து பார்த்தவள் என்பதால் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.