கவர்ல என் பேரு

ஹலோ... சிந்து, அண்ணி பேசுறேன், ஆண்டிமடத்துலேருந்து... ம், சாப்ட்டாச்சு... இல்ல, வாட்ஸ்அப்ல வேணாம். நீ சொல்லிக் கேக்கணும். டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறை.

...ஆங். லப்பைக்குடிக்காட்டு ரஷீதா இருக்காங்கள்ல, உன்கிட்ட மாசாமாசம் நம்ம குப்பைமேனி சோப்பு வாங்குவாங்களே... ஆமா, ஆமா, அவங்கதான். காலையில இங்க வந்துட்டுப் போனாங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு, பஸ் மாறி மாறி... சோப்பு வாங்க வரல. அவங்க புள்ள இன்ஷாவுக்கு முதுகு பூரா தடிச்சு செவந்து கெடக்கு. சொறிஞ்சு சொறிஞ்சு தோலு உரிஞ்சிருக்கு... ம், டாக்டர்ட்ட காட்டிட்டாங்க. சோப்பை நிறுத்துங்கன்னுட்டாராம்...

இரு, நான் பேசி முடிச்சுக்கிறேன்.

அவங்க சண்டை போடல சிந்து. போட்டிருந்தாக்கூட தேவல. பையிலேருந்து சோப்பை எடுத்து வச்சு, 'இதுல என்னென்ன சேத்தீங்கக்கா, டாக்டர் கேக்குறாரு'ன்னாங்க. கையில வாங்குறேன்... மல்லிப்பூ சென்ட் அடிக்குது. நான் என்னைக்கு சென்ட் ஊத்துனேன்? ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கு. நான் கம்பியில அறுக்குறவ, என் கட்டி ஒண்ணுகூட நேரா இருக்காது. 'இது என்னுது இல்லம்மா'ன்னேன். அவங்க கவரைத் திருப்பிக் காட்டுறாங்க. 'மலர்கொடின்னு உங்க பேருதானக்கா போட்டிருக்கு'...

...எது மாறிப்போச்சு? எப்படி மாறும்?... சிந்து, என்கிட்ட வேணாம்.

...ம்... ம்... அப்ப கம்பெனி சோப்பு. ஆமாவா, இல்லையா?... மொத்தமா வாங்கி, நம்ம கவரைச் சுத்திக் குடுத்திருக்க.

...யாரு காத்திருக்க மாட்டாங்க, கடைக்காரங்களா? ஒரு மாசம் காஞ்சாத்தான் காரம் அடங்கும்னு உனக்குத் தெரியாதா? காஸ்டிக் சோடா தெறிச்சு என் கை வெந்தப்ப நீதானே பக்கத்துல நின்னு தண்ணி ஊத்துன...

ஒண்ணு மட்டும் சொல்லு. தமிழழகனுக்கு எதைப் போட்டுக் குளிப்பாட்டுற?... ஊரு புள்ளைங்களுக்கு இல்ல, உன் புள்ளைக்கு... அதான பாத்தேன். நான் தனியாக் கட்டிக் குடுக்குறதை அவனுக்கு வச்சுக்கிட்ட. அவன் தோலு வெடிச்சுக் கெடந்தப்பதானே இந்த வேலையவே நான் ஆரம்பிச்சேன்.

...அழுவாத. அழுது என்னாவப் போவுது.

சரி, கவர் ஏது உனக்கு?... சோப்பு இல்ல சிந்து, கவர். அச்சடிச்ச கட்டு எங்க வூட்டு பீரோவுல இருக்கு. நீ இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு... நீயா அடிச்சியா, எந்த பிரஸ்ல?... பிரஸ் பேரைச் சொல்லேன்...

...பீரோ சாவி ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட இருக்கு. ஒண்ணு உங்கண்ணன்கிட்ட.

...



...போன மாசம் மோட்டாருக்கு சாமான் வாங்கணும்னு பெரம்பலூர் வந்தாரு. உன் வூட்டுக்கு வந்தாரா?... ம். கவர் கட்டோடவா?... ம்... 'மலர்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டா'ன்னு அவரே சொன்னாரா...

இல்ல, கோவமெல்லாம் இல்ல.

...காலையில அவரும் பக்கத்துலதான் நின்னாரு சிந்து. அந்தப் புள்ள முதுகைக் குனிஞ்சு பாத்தாரு. 'வெயிலுக்கு வந்திருக்கும்மா, எளநி குடுங்க'ன்னாரு. அவங்களும் சரிங்கண்ணேன்னாங்க. எனக்குத்தான் ஆறுதல் சொல்றாருன்னு நெனச்சேன் நான்...

...கேக்கல. இன்னும் அவர்ட்ட ஒண்ணும் கேக்கல... நீ சொன்னேன்னு சொல்ல மாட்டேன். நீ எங்க சொன்ன?

நாளைக்கு பெரம்பலூர் வரேன். எந்தெந்தக் கடையில போட்டிருக்கியோ கூட வந்து காட்டு, அத்தனையும் திருப்பி எடுத்துக்கிறேன். வித்துப்போனது எந்தெந்த வூட்டுக் குளிக்குற ரூம்ல கெடக்கோ... ரஷீதாகிட்டயும் போவேன். சொல்லத்தான் செய்வேன், டாக்டர் கேட்டிருக்காருல்ல... கெடட்டும். கெட்டா என் பேருதானே.

...என்ன? கொஞ்சம் இருக்கவா?... வேற கால் வருதா. யாரு?... பக்கத்து வூட்டு அக்காவா.

...

சிந்து, நான் அடுப்படி ஜன்னல்கிட்ட நிக்கிறேன். உங்கண்ணன் முந்திரி மரத்துக்கிட்ட, போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஒண்ணும் பேசக் காணோம், யாரும் எடுக்கல போல... இப்ப போனைப் பாக்குறாரு... திரும்பவும் போடுறாரு.

...வருதுல்ல உனக்கு?

எடு... இல்ல, எடுத்துப் பேசு, ரொம்ப நேரமா நிக்கிறாரு. நான் வச்சுடுறேன்.